இத்தாலி தந்த குணச்சித்திர நடிகை தீனா பீக்கா

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவி ஒருத்தி எழுதியது)

இக்கட்டுரையை ஒரு சிறு ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு விழா நாடகத்தில் எனக்குக் கிடைத்தது கிழ வேலைக்காரி வேடம். மொத்தம் பதினொரு வரி வசனம். அவற்றுள் நான்கு ‘சரிங்கம்மா’. என் தோழி கதாநாயகி. இரண்டு நாள் தலைவலி என்று சொல்லி ஒத்திகைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் திரைப்படச் சுவைக் கழகத்தார் ஓர் இத்தாலியப் படம் திரையிட்டார்கள். தலைவலிக்காரிக்குப் படம் பார்க்க மட்டும் வந்துவிட்டது! அந்தப் படத்தில் நான் கண்ட ஒரு கிழ வேலைக்காரியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

படத்தின் பெயர் ‘ரொட்டி, காதல், கற்பனை’. 1953-ஆம் ஆண்டு லூயீஜி கொமன்சீனி இயக்கியது. மறு ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றது. சல்யேனா என்ற கற்பனை மலைக் கிராமத்துக்குக் கராபினியேரி காவற்படையின் அதிகாரியாக மாற்றலாகி வருகிறார் அந்தோனியோ கரோத்தெனூத்தோ. வயது ஐம்பதைத் தாண்டினாலும் மீசையை முறுக்கும் ஆசை போகாதவர். ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தை இயக்கிய அதே வித்தோரியோ தெ சீக்கா இங்கே நடிகராக அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். அவர் கண்ணுக்கு முதலில் படுபவள் வறுமையிலும் துள்ளித் திரியும் ஓர் இளம்பெண். அவள்தான் ஜீனா லொல்லோபிரிஜிதா. அடுத்துப் படுபவர் ஊர் மருத்துவச்சி. இவர்களுக்கிடையே அதிகாரி தடுமாறுவதே கதை.

அவர் வீட்டில் சமையலும் பெருக்கலும் பார்க்கும் கிழவியின் பெயர் கரமெல்லா. இத்தாலிய மொழியில் கரமெல்லா என்றால் மிட்டாய். பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தாம். அந்த முகத்தில் இனிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. கறுப்பு உடை, மெலிந்த உடல், ஆண்பிள்ளைக் குரல் போன்ற கரகரத்த கட்டைக் குரல். ஊர் வம்பு முழுவதும் அவளுக்குத் தெரியும். அதிகாரியின் மனத்தில் ஓடுவதும் தெரியும். அவர் மிடுக்காகப் பேசிக்கொண்டிருக்கையில் இவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றால் போதும். பதக்கமும் சீருடையும் ஒரு நொடியில் பொம்மை வேடமாகிவிடும். நாங்கள் அனைவரும் அடக்க முடியாமல் சிரித்தோம். விளக்குப் போட்டதும் எல்லோரும் லொல்லோபிரிஜிதாவின் அழகைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ அந்தக் கிழவியின் பெயர் வேண்டும் போல் இருந்தது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது கண்ணை ஊன்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தீனா பீக்கா.

தேடிப் படித்தபோது எனக்கு முதலில் வியப்பளித்தது அவருடைய வயது. அம்மையார் நேப்பிள்ஸ் நகரில் 1884-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் பிறந்தவர். கரமெல்லாவாக நடித்தபோது வயது 69. அதாவது, பிறர் ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழிந்த வயதில்தான் இத்தாலி முழுவதும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது. அதுவரை என்ன செய்தார்? நடித்துக்கொண்டுதான் இருந்தார், நாடக மேடையில்!

தந்தையார் நாடக நடிகர். குழந்தைப் பருவத்திலேயே மகளும் மேடை ஏறிவிட்டார். நேப்பிள்ஸ் நகர நாடகம் என்பது தனி உலகம். அதன் மொழி ஏட்டு இத்தாலியம் அன்று. நேப்பிள்ஸ் மக்களின் சொந்தப் பேச்சு. அங்குப் பாட்டும் அழுகையும் கேலியும் ஒரே காட்சிக்குள் வரும். பழைய இத்தாலிய நாடகக் குழுக்களில் நடிகரை வேடத்துக்கு அமர்த்துவதில்லை, வகைக்கு அமர்த்துவார்கள். முதல் நடிகை என்று ஒருத்தி, கண்ணியமான தாய் என்று ஒருத்தி, துடுக்கு வேலைக்காரி என்று ஒருத்தி. ஒரு வகையில் சேர்ந்தவர் பெரும்பாலும் அவ்வகையிலேயே காலம் கழிப்பார். இவ்வகைகளுள் ஒன்று ‘கரத்தெரிஸ்தா’. நாம் குணச்சித்திர நடிகை என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். கதையை நகர்த்துவது அவர் வேலையன்று. கதை நடக்கும் ஊரை உண்மையாக்குவது அவர் வேலை. ஒரு தெருவில் கிழவி ஒருத்தி நம்பும்படி உட்கார்ந்திருந்தால்தான் அத்தெருவில் நடக்கும் காதலையும் நாம் நம்புவோம்.

நேப்பிள்ஸ் மேடையின் பெருமைக்குரிய பெயர் தெ ஃபிலிப்போ. எதுவார்தோ, தித்தீனா, பெப்பீனோ என்று உடன்பிறந்தார் மூவர், மூவரும் நடிகர்கள். எதுவார்தோ நாடகாசிரியரும்கூட. தீனா பீக்கா இவர்களோடு பல ஆண்டுகள் நடித்தார். 1946-இல் மேடையேறிய ‘ஃபிலுமேனா மர்த்துரானோ’ என்ற நாடகத்தில் ரொசாலியா என்னும் வயதான பணிப்பெண் வேடம் அவருக்கு. ஃபிலுமேனா, செல்வந்தர் ஒருவரோடு இருபத்தைந்து ஆண்டுகள் மணமின்றி வாழ்ந்தவள். சாகக் கிடப்பதாக நடித்து அவரை மணந்துகொள்கிறாள். தனக்கு மூன்று பிள்ளைகள் உண்டென்றும், அவர்களுள் ஒருவன் அவருக்குப் பிறந்தவன் என்றும் பிறகு சொல்கிறாள். எவன் என்று மட்டும் சொல்ல மறுக்கிறாள். இவ்வளவு காலமும் அவளது மறைபொருளைக் கட்டிக்காத்தவள் ரொசாலியா. தித்தீனா நடித்த ஃபிலுமேனாவைப் புகழாதவர் இல்லை. ஆனால் இரகசியம் சொல்வதற்கு ஒரு காது வேண்டுமே? அந்தக் காதாக நடிப்பது எளிதென்று நினைப்பவர் ஒரு முறை முயன்று பார்க்கட்டும். 1951-இல் எதுவார்தோ அதே நாடகத்தைப் படமாக்கியபோதும் ரொசாலியா தீனா பீக்காவே. 1964-இல் தெ சீக்கா இதே கதையை ‘இத்தாலிய முறைத் திருமணம்’ என்று மறுபடி எடுத்தபோது ரொசாலியாவாக வந்தவர் தெக்லா ஸ்கரானோ என்ற இன்னொரு குணச்சித்திர நடிகை. அவருக்கு அவ்வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைப் பரிசு கிடைத்தது. வேடத்தின் கனம் அவ்வளவு.

திரைக்கு அவர் புதியவர் அல்லர். 1930-களிலிருந்தே சிறு சிறு வேடங்களில் வந்து போனார். நகைச்சுவை மன்னன் தோத்தோவின் முதற்படமான ‘கையை அசைக்காதே’யிலும் (1937) இருக்கிறார். ஆனால் வந்து போனவராகவே இருந்தார். 1950-களில் அவருக்கு வாய்ப்புப் பெருகியதற்குக் காலமும் ஒரு காரணம் என்பது என் துணிபு. போர் முடிந்த கையோடு இத்தாலியத் திரையில் தோன்றியது புதிய யதார்த்தவாதம். ‘ரோம், திறந்த நகரம்’ (1945), ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) போன்ற படங்கள் உண்மைத் தெருக்களில் உண்மை வறுமையைக் காட்டின. 1950-களில் மக்கள் சற்றே சிரிக்க விரும்பினர். தெருவும் வறுமையும் அப்படியே இருக்க, கண்ணீர் மட்டும் குறைந்தது. இதனைத் திறனாய்வாளர் ‘ரோசா நிற யதார்த்தவாதம்’ என்று சற்று ஏளனமாகவே அழைத்தனர். ‘ரொட்டி, காதல், கற்பனை’ அதன் தலைப்பிள்ளை. வெறும் ரொட்டி தின்னும் ஏழையிடம் உள்ளே என்ன வைத்துத் தின்கிறாய் என்று அதிகாரி கேட்க, கற்பனையை வைத்துத் தின்கிறேன் என்று அவன் சொல்வதிலிருந்தே படத்துக்கு இப்பெயர். பசியைச் சிரிப்பாக்கியது சரியா என்ற கேள்வி நியாயமானதே. எனினும் இவ்வகைப் படங்களுக்குக் கிராமத்து முகங்கள் தேவைப்பட்டன. அழகு நிலையத்தில் செய்த முகம் அங்கே செல்லாது. அறுபது ஆண்டு வெயிலும் விளக்கொளியும் பட்ட ஒரு முகம் ஆயத்தமாக இருந்தது.

படம் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே ‘ரொட்டி, காதல், பொறாமை’ வந்தது. அதில் நடித்ததற்காக 1955-இல் தீனா பீக்காவுக்கு இத்தாலியத் திரைப்பட இதழாளர்கள் வழங்கும் ‘வெள்ளி நாடா’ விருது, சிறந்த துணை நடிகைக்காக அளிக்கப்பட்டது. மூன்றாவது படம் 1955-இல். இயக்குநர் தீனோ ரீசி, வண்ணப்படம், ஊர் சொர்ரெந்தோ கடற்கரை, லொல்லோபிரிஜிதாவுக்குப் பதில் மீன் விற்பவளாகச் சோபியா லோரன். கவனியுங்கள், இயக்குநர் மாறினார், நாயகி மாறினாள், ஊரே மாறியது. அதிகாரியும் கரமெல்லாவும் மாறவில்லை. நாயகியை மாற்றிப் படம் எடுக்கலாம். வேலைக்காரியை மாற்ற அவர்களுக்குத் துணிவில்லை! (இங்கே ஒரு வேடிக்கை: அம்மையாரின் இரண்டாம் கணவர் உண்மையிலேயே போலீஸ்காரர்.)

பின்னர் நடந்தது வெற்றியா, விலங்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தயாரிப்பாளர்கள் சிடுமூஞ்சிக் கிழவியை விடாது பிடித்துக்கொண்டனர். அமெரிக்கா சென்று திரும்பும் அத்தையாக 1956-இல் ஒரு படம். மறு ஆண்டே அந்த அத்தை பனிச்சறுக்கு விளையாடுவதாக இன்னொரு படம். 1959-இல் வந்த ஒன்றுக்குப் பெயரே ‘பசிபிக்கில் பீக்கா’. எழுபத்தைந்து வயதுக் கிழவியின் குடும்பப் பெயரைப் படத்தலைப்பில் போட்டால் மக்கள் வருவார்கள் என்று வியாபாரிகள் நம்பியிருக்கிறார்கள். அழகு நாயகியர் எத்தனை பேருக்கு அந்தப் பேறு கிடைத்தது? ஆனால் படங்களைப் பார்த்தால் பாராட்ட மனம் வருவதில்லை. நான் தேடிப் பிடித்தவற்றில் அதே சிடுசிடுப்பு, அதே கரகரப்பு. வெளிச்சம் முழுவதும் ஒருவர் மேலேயே விழுந்தால் குணச்சித்திரம் கேலிச்சித்திரமாகிவிடும் போலும்.

இவற்றினிடையே ஒன்று தப்பியது. 1957-இல் தீனோ ரீசி இயக்கிய ‘பாட்டி சபெல்லா’. நேப்பிள்சில் படிக்கும் பேரனுக்குப் பாட்டி சாகக் கிடக்கிறாள் என்று தந்தி போகிறது. அவன் அலறி அடித்துக்கொண்டு வந்து சேர்கிறான். பாட்டிக்குச் சாகும் எண்ணம் சிறிதும் இல்லை. பேரனுக்குத் தன் விருப்பப்படி பெண் முடிக்கும் எண்ணமே உண்டு. வீடு முழுவதையும் கைப்பிடிக்குள் வைத்திருக்கும் அந்தப் பாட்டியிடம் அச்சமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. தன் சொல் கேட்கப்படாத நாள் வந்தால் தான் இல்லை என்ற பயம் அவள் அதட்டலுக்கு அடியில் ஓடுவதைக் காணலாம். ஸ்பெயின் நாட்டுச் சான் செபாஸ்தியான் விழாவில் பரிசு பெற்றது இப்படம்.

எனினும் யாராவது ஒரே ஒரு காட்சியைக் காட்டு என்று கேட்டால் நான் 1963-ஆம் ஆண்டுக்குத்தான் போவேன். ‘நேற்று, இன்று, நாளை’ என்ற படம். இயக்கியவர் தெ சீக்கா. பத்தாண்டுக்கு முன் காமிராவுக்கு எதிரே கரமெல்லாவிடம் திட்டு வாங்கிய அதே எசமானர் இப்போது காமிராவுக்குப் பின்னால். படத்தில் மூன்று கதைகள். மூன்றிலும் சோபியா லோரனும் மர்ச்செல்லோ மஸ்த்ரொயான்னியுமே ஜோடி. 1965-இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதும் பெற்றது. மூன்றாம் கதையில் லோரன் ரோம் நகரில் ஒரு விலைமகள். பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா, பாட்டி. விடுமுறைக்கு வந்திருக்கும் அவர்களது பேரன் பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் பிள்ளை. அவன் இவள்மேல் மனத்தைப் பறிகொடுக்கிறான். (இப்படம் என்றாலே பலரும் லோரனின் வேறொரு காட்சியைத்தான் சொல்வார்கள். கல்லூரி மலர் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

பாட்டிதான் தீனா பீக்கா. வயது 79. முதலில் நாம் எதிர்பார்த்த கரமெல்லாவே வருகிறாள். மொட்டைமாடியில் நின்று அந்தப் பெண்ணை வாயில் வந்தபடி ஏசுகிறாள். அரங்கம் சிரிக்கிறது. பிறகு பேரன் படிப்பை விட்டுவிடுவேன் என்கிறான். அப்போது அந்தப் பாட்டி தான் ஏசிய அதே பெண்ணிடம், நீதான் அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அழுதுகொண்டு வருகிறாள். குரல் அதே கட்டைக் குரல்தான். இத்தனை படங்களில் நம்மைச் சிரிக்க வைத்த குரல், ஒன்றும் மாறாமல், நம்மை அழ வைக்கிறது. அவள் முன்னே சோபியா லோரன் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு சில நிமிடங்களுக்குக் கதாநாயகி யார் என்பதே மறந்துவிடுகிறது. இதை இயக்குநர் தெரிந்தேதான் செய்திருப்பார். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அந்த முகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மூன்று படங்களில் பக்கத்தில் நின்று பார்த்தவர் அல்லவா அவர்!

ஐந்தாண்டுகள் கழித்து, 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, தாம் பிறந்த நேப்பிள்சிலேயே தீனா பீக்கா காலமானார்.

எங்கள் நாடகத்துக்கு வருகிறேன். நான்காம் நாள் ஒத்திகைக்குப் போனேன். “ஏம்மா, தலைவலி தீர்ந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டார் நாடகம் பயிற்றுவித்த பேராசிரியை. “தீர்ந்துவிட்டது, அம்மா” என்றேன். விழா நாளில் மூன்றாம் காட்சியில் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது. நான் வைத்தேன்; போகவில்லை. கதவருகே நின்று, கடிதத்தைப் படிக்கும் எசமானியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் யாரோ இருமினார்கள், பிறகு அந்த ஓசையும் இல்லை. என் தோழி கடிதத்தை மடித்துவிட்டு, பிரதியில் இல்லாத ஒன்றைச் செய்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.