டிராக்டரில் ஏறிய முயலும் ஆமையும்

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்க வருபவர் முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு சுழிகளைப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார். அந்த அடையாளங்களின் பொருளை அவருடைய தந்தையார் முன்பே சொல்லி வைத்திருப்பார். இன்று அவ்வட்டாரத்துக் கடலைக்காட்டையும் சோளக்காட்டையும் உழ வருவது பெரும்பாலும் டிராக்டரே. அதன் உடம்பிலும் சுழிகள் உண்டு. மஞ்சள் முக்கோணங்கள், சிவப்புக் கோடுகள், எரிந்தணையும் சிறு விளக்குகள் என்று முன்னும் பின்னும் எத்தனையோ காணலாம். அவற்றின் பொருளைச் சொல்லி வைக்கத்தான் ஒருவரும் இல்லை.

இப்படங்கள் தோன்றிய காரணம் எளிது. உழவு யந்திரம் பல நாடுகளில் விற்பனையாகும் பண்டம். ஒவ்வொரு நாட்டு மொழியிலும் எச்சரிக்கை எழுதுவதைக் காட்டிலும் சித்திரமாகத் தீட்டிவிடுவது சௌகரியம். ஜெனீவா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1947 முதல் இயங்கிவரும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதற்கென விதிகள் வகுத்துள்ளது. விவசாய யந்திரங்களின் அபாயச் சித்திரங்களைப் பற்றிய விதி 1995-இல் வெளியாயிற்று. எழுத்தறியாதாரும் அறிந்துகொள்ளட்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் சித்திரத்திற்கும் ஒரு மொழி உண்டு. அதையும் யாரேனும் கற்பித்தாக வேண்டும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைப் பாருங்கள். பல டிராக்டர்களில் அதன் ஒரு முனையில் முயலும் மறுமுனையில் ஆமையும் வரையப்பட்டிருக்கும். முயல் பக்கம் நகர்த்தினால் வேகம்; ஆமை பக்கம் நகர்த்தினால் நிதானம். நம் சங்க அங்கத்தினர் ஒருவரின் பேரன் இதைப் பார்த்துவிட்டு, “ஆமைதானே தாத்தா ஜெயித்தது?” என்று கேட்டான். பெரியவர் விடை சொல்லத் தெரியாமல் விழித்தார். பிள்ளையின் கேள்வியில் தவறு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. எண்ணெய்க் கெண்டி அப்படிப்பட்டதன்று. மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழும் கெண்டியின் படம் ஓட்டுநரின் முன்னே சிவப்பாக எரிந்தால், எண்ணெய் குறைந்துவிட்டது என்றே பலரும் கொள்கின்றனர். அளவுக் கம்பியை உருவிப் பார்க்கிறார்கள். எண்ணெய் நிறைவாக இருக்கிறது. விளக்குத்தான் பழுது என்று தீர்மானித்து மேலும் நாலு சால் ஓட்டுகிறார்கள். உண்மையில் அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அதன் அழுத்தத்தை. வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் பம்பு தளர்ந்தாலும், எண்ணெய் நிறைய இருந்தும் பேரிங்குகளுக்கு எட்டாது. எட்டாவிட்டால் சில நிமிஷங்களிலேயே எஞ்சின் இறுகிவிடக்கூடும். ஒரு பருவத்து வரும்படி பட்டறைக்குப் போகும். சிவப்பு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் கொடிய படம் பின்புறத்தில் இருக்கிறது. ரோட்டவேட்டர், கதிரடிக்கும் யந்திரம் முதலியவற்றுக்கு விசை கொடுப்பது பி.டி.ஓ. தண்டு. அதன் அருகே, கம்பம் ஒன்றைச் சுற்றி உடல் வளைந்து கிடக்கும் மனிதனை வரைந்திருப்பார்கள். கழைக்கூத்தாடியின் வித்தை என்றார் நான் கேட்ட ஒருவர். தண்டைத் துடைக்கச் சொல்லும் படம் என்றார் மற்றொருவர். இருவரும் பல ஆண்டுகள் டிராக்டரோடு பழகியவர்கள்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை விளக்குவது எளிது. உறையூர்த் தறியில் நெய்த துணியைப் படமரத்தில் சுற்றுகிறோம். சுற்றுவதும் நம் கை, நிறுத்துவதும் நம் கை. பி.டி.ஓ. தண்டும் ஒரு படமரம் போன்றதே. ஆனால் அது நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று சுழல்கிறது. டிராக்டரிலிருந்து நீளும் அதன் முனையின் குறுக்களவு சுமார் 35 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 11 சென்டிமீட்டர் துணி சுருளும். கணக்கிட்டுப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அதோடு இணைக்கும் தண்டு இன்னும் பருமனாதலால் அங்கே இழுப்பும் அதிகம். தோள் துண்டின் நுனி அதில் பட்டுவிட்டால், கையை ஓங்கிப் பிடிப்பதற்குள் துண்டு முழுதும் உள்ளே போய்விடும். துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தவர் கதி என்ன? வேட்டிக்கும் முந்தானைக்கும் இதே ஆபத்துத்தான். படத்திலுள்ளவனிடமோ தொங்கும் துணி ஒன்றுமில்லை. துண்டு அணிந்த உழவரையும், முந்தானை தொங்க நிற்கும் பெண்ணையும் வரைந்து ஒட்டினால் பாதி விளக்கம் மிச்சமாகும். தண்டின் மேலுள்ள உறையைக் கழற்றி மூலையில் எறிந்துவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று காரணம் சொல்வார்கள்.

மட்கார்டின் மேல் ஓர் ஆள் அமர்ந்திருப்பதுபோல மற்றொரு படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று. பரீட்சைத் தாளில் சரியான விடைக்கு ஆசிரியர் இழுக்கும் கோட்டைக் கண்டு வளர்ந்தவருக்கு, இங்கே உட்காரலாம் என்று அனுமதி கொடுத்ததாகவே தோன்றும். பெருக்கல் குறி போட்டிருந்தால் சந்தேகம் இராது. தெரிந்தும் உட்காருவார்கள் என்பது வேறு விஷயம்.

பூச்சிமருந்து விஷயத்தில் சர்க்கார் முன்பே விதி செய்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி மருந்துப் புட்டியில் சாய்சதுரம் ஒன்று இருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நிறங்கள் நஞ்சின் கடுமையை வரிசையாகக் காட்டும். அப்படியிருந்தும் பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று எண்ணுவோர் இன்றும் உளர். பச்சையும் நஞ்சுதான், கடுமை குறைந்தது, அவ்வளவே.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகின்றன. சொந்த டிராக்டரின் அருகே வீட்டார் நிற்பர். சங்கத்து டிராக்டரின் அருகே ஊரே நிற்கும். ஆதலின் புதிதாக வாங்கும்போதே தமிழ்க் கையேட்டையும் தமிழ் எச்சரிக்கைச் சீட்டுகளையும் சங்கம் கேட்டுப் பெறவேண்டும். கிடைக்காவிட்டால், “துண்டை அவிழ்த்து வை, எஞ்சினை நிறுத்திய பிறகே கிட்டே வா” என்று இரண்டு வரி அச்சிட்டு ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மறுவர்ணம் பூசும்போது சீட்டுகளையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். சென்ற அறுவடையில் நான் கண்ட டிராக்டர் ஒன்றில், சுழலும் மனிதன் இருந்த இடத்தில் புதுச் சிவப்பு வர்ணம்தான் பளபளத்தது. வாடகைக்கு எடுப்பவரும் வயலில் உடன் நிற்போரும் எஞ்சினைக் கிளப்புமுன் ஒருமுறை டிராக்டரைச் சுற்றிவந்து, ஒவ்வொரு படத்திற்கும் ஓட்டுநரிடம் பொருள் கேட்கட்டும். அவருக்கே தெரியாத படம் இருந்தால் அதைச் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.