யாருடைய குழந்தைப்பருவம்? சிறுவர் பாத்திரங்கள் குறித்துச் சில அவதானிப்புகள்

ஹாப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ நாவலை இனவொடுக்குமுறைக்கு எதிரான படைப்பென விதந்துரைப்போர், அதன் கதைசொல்லி யாரென்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. 1930களின் அலபாமாவில், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டொம் றொபின்சனுக்கு இழைக்கப்படும் அநீதியை, வெள்ளையின வழக்கறிஞரின் மகளான ஸ்கவுட் நீதிமன்ற மாடத்திலிருந்து பார்க்கிறாள், பார்த்து முதிர்ச்சியடைகிறாள். அவளது அறவுணர்வு போலியன்று. ஆயினும் டொம்மின் பிள்ளைகள் கதையின் ஓரத்தில் தோன்றி மறைகின்றனர். தீமையனைத்தும் பொப் யூவெல் என்ற வறிய வெள்ளையனின் இழிகுணத்தில் தேக்கிவைக்கப்படுவதால், பருத்தி நிலவுடைமை விசாரணைக்கு வராமலே தப்பிவிடுகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இப்பார்வைக் கோணத்தைத் தலைகீழாக்குகிறது. கொங்குநாட்டு மேட்டுக்காட்டில் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் கூளையன், அநீதியைப் பார்ப்பவனல்லன், சுமப்பவன். அவனும் அவன் தோழர்களும் பெற்றுள்ள பெயர்களை நோக்குக: கூளையன், நெடும்பன், மொண்டி, செவுடி, வவுறி. உடலையே பெயராகச் சுமக்கும் உழைப்பாளர் கூட்டம் இது. ஆண்டையின் மகனுக்கு மட்டும் ‘செல்வன்’ என்ற பெயர் வாய்த்திருக்கிறது! இருவரும் ஒன்றாக விளையாடுகின்றனர். ஆனால் வேண்டும்போது தோழனாகவும், வேண்டாதபோது எசமானாகவும் மாறும் உரிமை செல்வனிடமே உள்ளது. விளையாட்டு முடியும் கணத்தை அவனே தீர்மானிக்கிறான். பாத்திரவார்ப்பில் ஆசிரியர் ஈட்டிய பெருவெற்றி இதுவே எனலாம். களவுக்காகக் கூளையன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படும்போது, அவனுக்கு வாய்த்திருந்த சொற்பக் குழந்தைப்பருவமும் பறிபோகிறது.

கிணறு என்றதும் எமது தீவகத்தை நினையாதிருத்தல் இயலாது. நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறை அமைந்த புங்குடுதீவில், கண்ணகி அம்மன் கோயிலருகே இருந்த நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் 1971இல் சத்தியாக்கிரகம் நடத்தினார், பொலிசாரால் தாக்கப்பட்டார், 1973இல் மறைந்தார். மார்க்சியத்தோடு அவர் தொடுத்த வாதங்களை நாம் ஏற்பதில்லை. ஆனால் அக்கிணற்றடியில் அவர் நின்ற பக்கம் சரியான பக்கமே.

உவர்நீர் மலிந்த தீவுகளில் நன்னீர்க் கிணறும் ஓர் உடைமை. உயர்சாதியார் யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற பிள்ளைகள், ஏடு தொடங்குமுன்பே தம் சமூக நிலையைக் கற்றுக்கொண்டனர். அப்பிள்ளைகளின் கதையை எழுத முனைவோருக்கு நீதிமன்ற மாடத்திலிருந்து நோக்கும் ஸ்கவுட்டைவிட, ஆட்டுப்பட்டியில் நிற்கும் கூளையனே அணுக்கமானவன்.