மனச்சோர்வுக்கு மருந்தா, வைட்டமினா?

மனச்சோர்வுக்காக மருந்து உட்கொள்வோர் நம் பங்கிலும் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். "அந்த மாத்திரையை விட்டுவிடு, உடம்பில் சத்து இல்லை, வைட்டமின் சாப்பிடு" என்று அவர்களுக்கு நாம் அன்போடுதான் ஆலோசனை சொல்கிறோம். இதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். மூளை சரிவர இயங்க பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய வைட்டமின்கள் தேவை. இவை குறைந்தால் களைப்பு, மறதி, மனவாட்டம் வரலாம். பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது. எனவே இவற்றை உண்ணாதவர்கள், முதியோர், சர்க்கரை நோய்க்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்போர் ஆகியோருக்கு அது குறைய வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். குறை இருந்தால் ஈடுசெய்தே ஆகவேண்டும்.

குறை இல்லாதவர்களுக்கும் வைட்டமின் உதவுமா? 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் 127 நோயாளர்களுக்கு ஃபுளுவாக்செடின் மருந்து தரப்பட்டது. ஒரு பிரிவினர் அத்துடன் நாள்தோறும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் பெற்றனர். அவர்களுள் பெண்கள் கூடுதலாகக் குணமடைந்தனர். ஆண்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. ஆனால் 2014இல் வெளியான, வேல்ஸ் பகுதியில் 475 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், மருந்தோடு நாளுக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தை 12 வாரங்கள் கொடுத்தும் பயன் காணப்படவில்லை. வைட்டமின் டி மனச்சோர்வு வராமல் தடுக்குமா என்று அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேரிடம் சுமார் 5 ஆண்டுகள் சோதித்தார்கள். தடுக்கவில்லை என்பதே 2020இல் வெளிவந்த முடிவு.

அளவு மீறினால் வைட்டமினும் தீங்கு செய்யும். அதிக ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். பி6 மிகுந்தாலும் நரம்புகள் கெடும். 'இயற்கை மருந்து' என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்த்து உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். குணமடைந்த பின்னும் பொதுவாகக் குறைந்தது 6 மாதங்கள் தொடரவேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் ஏற்படலாம், நோயும் திரும்பலாம்.

ஆகவே, அன்பர்களே, மனச்சோர்வு விசுவாசக் குறைவு அல்ல, அது ஒரு நோய் என்பதை உணர்வோம். எந்தச் சத்து மாத்திரையைத் தொடங்கும்முன்னும் அதை மருத்துவரிடம் சொல்வோம். மருந்தை நிறுத்தும்படி யாருக்கும் ஆலோசனை சொல்லாதிருப்போம். 'வாழப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.