தலைக்காயம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் இருக்கிறது பெரிய வேலை!

பைக் விபத்து. தலையில் ஆபரேஷன். 'உயிருக்கு ஆபத்தில்லை, கூட்டிட்டுப் போங்க' என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே நிம்மதி அடைகிறது. ஒரு மாதம் கழித்துதான் பிரச்னை தெரிய ஆரம்பிக்கிறது. காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகத்தில் இல்லை. குழம்பில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கிறது. நாள் முழுக்கத் தூக்கம். 'ஆளே மாறிட்டாரு' என்று வீட்டில் பேச்சு எழுகிறது. சிலர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இது குணக்கேடு அல்ல, காயத்தின் தொடர்ச்சி. கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது போன்றவற்றை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் கவனித்துக்கொள்கிறது. விபத்தில் எளிதில் அடிபடும் இடமும் அதுதான்.

இறந்த மூளை செல்கள் பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. ஆனால், தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையில் ஓரளவைக் கற்றுக்கொள்ளும். முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் நின்றுவிடாது, மெதுவாகத் தொடரும்.

மறுவாழ்வு சிகிச்சை என்றாலே பிசியோதெரபி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டைக்கு பட்டன் போடுவதையும் டீ போடுவதையும் மறுபடி பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஸ்பீச் தெரபிஸ்ட் பேச்சோடு சேர்த்து விழுங்குவதையும் சரிசெய்வார். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் அலட்சியம் வேண்டாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். மறதிக்கு உளவியல் நிபுணர்கள் சொல்லும் வழிகள் எளிமையானவை: செல்போன் அலாரம், எல்லாவற்றையும் எழுத ஒரே நோட்டு, சாவிக்கும் மாத்திரைக்கும் நிரந்தரமாக ஓர் இடம்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு முன்னோடி வேலூர் சி.எம்.சி. அங்கே டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். வீல்சேரில் இருந்தபடியே ஆபரேஷன் செய்த அவரின் முயற்சியால், 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது.

தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம். ஆனால், மறுவாழ்வுக்கு மாதக்கணக்கில் ஆகும். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டு சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்கின்சன் இருக்கிறது. தலைக்காயம் தனி வகையாக இல்லை. குடும்பம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வெளியே கூட்டிச்செல்ல முடியாதவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எந்தெந்த தெரபி தேவை? எங்கே கிடைக்கும்? வலிப்பு வந்தால் என்ன செய்வது? பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவலாம். பைக் சாவியை டாக்டர் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். கை கால் நன்றாக இருந்தாலும், பிரேக் பிடிக்க வேண்டும் என்று மூளை முடிவெடுக்கத் தாமதமாகலாம்.