சப்பிரகமுவப் பெருந்தோட்டங்களும் வனவிலங்குச் சூழலியற் கல்வியும்

2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில், இலக்சபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. மரக்கறிப் பாத்திகளைக் கிளறும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்பட்ட சுருக்கு அது. உயிருடன் மீட்கப்பட்ட விலங்கு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குச் சில நாட்களில் இறந்தது. செய்தித்தாள்கள் அரிய விலங்கின் இழப்பை எழுதின. சுருக்கு வைத்தவரைச் சாடின. பன்றிக்கு அஞ்சி ஒரு தோட்டக் குடும்பம் கம்பி வைக்கவேண்டிய நிலை ஏன் வந்தது என்ற வினா பெரிதாக எழவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முறையினையே வனவிலங்குச் சூழலியல் கற்பிக்கவேண்டும் என்பது எமது கருத்து.

நல்லதண்ணி நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயின் அதே மலைக்காட்டின் மறுசரிவு சப்பிரகமுவ மாகாணத்தினுள் இறங்குகின்றது. 1940இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அக்காட்டின் ஓரத்திலும், தெற்கே சிங்கராஜ வனத்தை அண்டிய இறக்குவானைப் பகுதியிலும், தேயிலையும் இறப்பரும் காட்டின் காலடி வரை நிற்கின்றன. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் தோட்ட மக்களுக்குக் காடு அயல்வீடு போன்றது.

பல்கலைக்கழகங்களில் இத்துறை மூன்று சொற்களால் வழங்குகின்றது: சூழலியல், பேணுகை, முகாமை. சூழலியல் என்பது ஓர் உயிரினம் எங்கு, எவ்வளவு, ஏன் வாழ்கின்றது என ஆராய்வது. பேணுகை, அது அற்றுப்போகாது காக்கும் முயற்சி. முகாமை இவ்விரண்டையும் நிலத்தில் நடைமுறைப்படுத்துவது. அதாவது வேலி எங்கே, வழி எங்கே, இழப்பீடு யாருக்கு எனத் தீர்மானிப்பது. முதலிரண்டும் விஞ்ஞானம், மூன்றாவது நிருவாகம் எனப் பலர் கருதுவர். எமக்கு அதில் உடன்பாடில்லை. வேலியை எங்கே இடுவது என்னும் தீர்மானத்தினுள் நிலம் யாருடையது என்னும் கேள்வியும் அடங்கியுள்ளது.

அக்கேள்விக்கு இலங்கையில் நீண்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணையோடு, உறுதியற்ற காடும் சேனையும் அரசுடைமையாகிப் பின்னர் கோப்பித் துரைமாரின் கைக்கு மாறின. காட்டை வெட்டி வெளியாக்கியவர்களுள் பெரும்பாலோர் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்தவர் அல்லர். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் உள்ளூர்க் கிராமத்தவருமே. யானையைச் சுடுவது அக்காலத் துரைமாரின் பொழுதுபோக்கு. வேட்டை விலங்குகள் அருகத் தொடங்கியபின், 1894இல் அவற்றைக் காக்கும் சங்கமொன்றை அமைத்ததிலும் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரரும் முன்னின்றனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் தோன்றிய வனசீவராசிகள் திணைக்களமும் இதன் பின்னர் வந்தவை. காட்டைக் காப்பது என்றால் மனிதரை வெளியே நிறுத்துவது என்னும் எண்ணம் இவ்வழியாகவே எமக்கு வந்து சேர்ந்தது.

எனினும் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆற்றிய பணி சிறிதன்று. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கெனச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக்கொண்டு மரம் தறிக்கப்பட்டது. பொதுமக்கள், அறிஞர் ஆகியோரது எதிர்ப்பின் பின்னர் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1993இல் அங்கு 25 ஹெக்டயர் நிலத்தை அளந்து, ஒரு சதமமீற்றருக்குக் குறையாத விட்டமுடைய ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டுப் பதியும் ஆய்வு தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் இதில் முன்னின்றனர். பதியப்பட்ட மரங்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல். இனங்கள் இருநூறுக்கும் மேல். ஒரு காடு எவ்வாறு தன்னைப் புதுப்பிக்கின்றது என்பதை அறிய இத்தகைய பொறுமை வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகம அதே வனத்தில் கலப்பினப் பறவைக் கூட்டங்களை ஆராய்ந்தார். பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரிந்து இரைதேடும் இக்கூட்டங்களில் கரிச்சானுக்குத் தனியிடம் உண்டு. அது காவலன்போல் ஆபத்தைக் கண்டு குரலெழுப்பும். பிற பறவைகளின் குரலையும் போலிசெய்யும். சிலம்பன்கள் இலைகளைக் கிளற, பறந்தெழும் பூச்சிகளைக் கரிச்சான் பிடிக்கும். ஒன்றன் உழைப்பில் மற்றது உண்பதும், அதற்கு ஈடாகக் காவல் நிற்பதும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

எண்ணும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். வாசகர் பலருக்கு இது புதிராகவே இருக்கின்றது. கண்ணிற் படாத சிறுத்தைகளை எவ்வாறு எண்ணுவது? ஒவ்வொரு சிறுத்தையின் உடற்புள்ளிகளும் மனிதரின் கைரேகைபோல் வேறுபட்டவை. விலங்கு நடமாடும் தடங்களில் தானியங்கிப் படக்கருவிகளை வைத்து, படங்களை ஒப்பிட்டுத் தனித்தனி விலங்குகளை இனங்காணலாம். ஒரு கற்பனை உதாரணம்: முதற் பருவத்தில் 8 சிறுத்தைகள் இனங்காணப்பட்டன. இரண்டாம் பருவத்தில் 6 பதிவாகின. அவற்றுள் 4 முன்னரே அறிந்தவை. அறிந்தவை 6இல் 4 என்ற விகிதத்தில் வருமாயின், முழுக் குடித்தொகை ஏறத்தாழ 12 ஆகும். உண்மையான கணிப்புகள் இதனினும் சிக்கலானவை. அடிப்படைத் தருக்கம் இதுவே. உடவளவையில் யானைகளை அவற்றின் காதோரக் கிழிசல்களாலும் மடிப்புகளாலும் இனங்காண்கின்றனர்.

முகாமையின் இரு வேறு வழிகளை இம்மாகாணத்திலேயே காணலாம். கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் அநாதை இல்லம் தாயை இழந்த குட்டிகளை வளர்த்தது. அவை மனிதரிடையே வாழப் பழகின, உல்லாசப் பயணிகளுக்குக் காட்சியாயின. 1995இல் உடவளவையில் அமைந்த இடைத்தங்கல் நிலையமோ குட்டிகளை மனிதத் தொடர்பு குறைத்து வளர்த்து மீண்டும் காட்டிலே விடுகின்றது. சூழலியல் நோக்கில் பிந்தியதே சிறந்தது என்போம். ஆனால் விடுவதற்குக் காடு வேண்டும். அக்காட்டின் ஓரத்தில் மனிதரும் வாழ்கின்றனர்.

இனித் தோட்டத்துக்கு மீள்வோம். காட்டுப்பன்றி தேயிலைக் கொழுந்தைத் தின்பதில்லை, முள்ளம்பன்றியும் அவ்வாறே. அவை அழிப்பது லயன் அறைகளுக்குப் பின்னால் தொழிலாளர் நடும் மரவள்ளி, வற்றாளை, மரக்கறி ஆகியவற்றையே. நாட்கூலி போதாத வீட்டில் அப்பாத்தி சமையலின் ஒரு பங்கு. ஆகவே விலங்கு தரும் இழப்புக் கம்பனியின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. அக்குடும்பத்தின் சட்டியிலேயே குறைகின்றது. அந்நிலமும் அவர்களுக்குச் சொந்தமன்று. நிரந்தர வேலியிட அவர்களிடம் உரிமையுமில்லை, பணமுமில்லை. கம்பிச் சுருக்கு மலிவானது. அது பன்றியையும் சிறுத்தையையும் வேறுபடுத்தி அறியாது.

சிறுத்தை ஏன் தோட்டத்தினுள் வருகின்றது என்பதற்கும் விடை நிலத்தில் உள்ளது. மலைகளுக்கிடையே ஓடைக்கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் வெட்டப்படாது எஞ்சிய காட்டுத் துண்டுகள் உள்ளன. ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்குச் செல்லும் விலங்குக்கு அவையே வழி. இலங்கையிற் புலியோ சிங்கமோ இல்லாமையால் சிறுத்தையே உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்கின்றது. பன்றியையும் முள்ளம்பன்றியையும் இரையாகக் கொள்வதும் அதுவே. அது சுருக்கில் இறக்குமாயின், பாத்தியைக் கிளறும் விலங்கின் எதிரிகளுள் ஒன்று குறைகின்றது. அதிகாலையில் மலைக்கு ஏறும் கொழுந்தெடுக்கும் பெண்ணும் பால் வெட்டும் தொழிலாளியும் காண்பவற்றை எந்தப் படக்கருவியும் முழுமையாகக் காண்பதில்லை. குளவி எந்த மரத்தில் கட்டியுள்ளது, பன்றி எந்த ஓடையால் இறங்கும் என அவர்கள் அறிவர். குளவி கொட்டி உயிரிழப்போரும் அவர்களே.

அவ்வறிவு ஆய்வேட்டில் ஏன் ஏறுவதில்லை? பட்டப்படிப்பு நிலையில் இத்துறை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு அரிது; ஆதலால் அம்மக்களின் பிள்ளைகள் விலங்கியல் வகுப்பை எட்டுவதும் அரிது. தமிழறியாத மாணவர் தோட்டத்துக்கு வந்தால், கணக்கப்பிள்ளையிடமோ மேற்பார்வையாளரிடமோ கேட்டுத் திரும்புகின்றார். கேட்கப்படாதவரின் அவதானம் தரவாவதில்லை.

1995இல் பல்கலைக்கழகமாகிய சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் பெலிகுல் ஓயாவில், ஒருபுறம் மலைக்காடும் மறுபுறம் தோட்டங்களும் சூழ அமைந்துள்ளது. இத்தகைய கல்விக்கு அதனினும் பொருத்தமான இடத்தை நாம் அறியோம். முதலாண்டு மாணவருக்கு ஒரு களப்பயிற்சி போதும்: ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனைத் தெரிந்து, லயன்களையும் பாத்திகளையும் ஓடைகளையும் எஞ்சிய காட்டையும் ஒரே வரைபடத்தில் குறித்தல், கடந்த ஓராண்டில் எந்த விலங்கு எந்தப் பாத்தியில் எதை அழித்தது என வீடுவீடாகத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டெழுதுதல், சுருக்குகள் எங்கே உள்ளன என்பதை, சொன்னவரின் பெயரின்றிக் குறித்தல். அவ்வரைபடத்தைக் கொண்டு, பொதுவேலி எந்த வரிசையில் வரவேண்டும், அதன் செலவைக் கம்பனியும் திணைக்களமும் எவ்வாறு பகிரவேண்டும் எனத் தோட்டக் கூட்டத்தில் கணக்குடன் பேசலாம்.