ஞாயிறு காலைப் பலகாரம்: வீட்டிலேயே செய்யலாம் வாபிள்!

மும்பையில் மாதச் சம்பளக்காரர்களுக்கு வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று "மெகா பிளாக்" என்று மின்சார ரெயில்களும் குறைந்துவிடும். தாமதமாக எழுந்து, காலைப் பலகாரத்தையும் பகல் சாப்பாட்டையும் சேர்த்து 11 மணிக்கு முடித்துவிடும் வீடுகள் பல.

வெள்ளைக்காரர்கள் இதை "பிரஞ்ச்" என்பார்கள். 1895-ம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிஞ்சர் என்பவர் இதை ஆதரித்துக் கட்டுரையே எழுதினார். அமெரிக்காவில் அந்த வேளைக்கு விரும்பிச் செய்யும் பலகாரம் வாபிள். இங்கும் கடைகளில் பார்த்துவிட்டுக் குழந்தைகள் கேட்கிறார்கள். பயப்பட வேண்டாம். இது வீட்டுப் பலகாரம்தான்.

கடல் கடந்த பலகாரம்

பெல்ஜியத்தில் வாபிள் தெருவில் விற்கும் பண்டம். 1964-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் பிரசெல்ஸ் நகரத்து மாரிஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தோடு கடை போட்டார். பக்குவம் அவர் மனைவி ரோசுடையது. பிரசெல்ஸ் எங்கே இருக்கிறது என்று அமெரிக்கர்கள் பலருக்குத் தெரியவில்லை. அதனால் நாட்டின் பெயர் நினைவுக்கு வரும்படி "பெல்-ஜெம்" என்று பெயர் வைத்தார். மேலே ஸ்ட்ராபெர்ரியும் பாலேடும் வைத்துக் கொடுத்தார். கூட்டம் அலைமோதியது. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுபோய் விற்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

அச்சு

கட்டம் கட்டமாகப் பள்ளம் உள்ள இரண்டு தகடுகள்தான் வாபிள் அச்சு. அடுப்பில் வைக்கும் அச்சு ஒன்றுக்கு 1869 ஆகஸ்டு 24-ந்தேதி அமெரிக்காவில் கார்னீலியஸ் ஸ்வார்ட்வுட் காப்புரிமை பெற்றார். இன்று மின்சார அச்சும் உண்டு. பெரிய செலவு இது ஒன்றே. ஒரே மாடியில் குடியிருக்கும் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் பாரம் தெரியாது.

மாவு

மைதா 1 கப், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு முட்டையின் மஞ்சள் கரு, முக்கால் கப் பால், உருக்கிய வெண்ணெய் கால் கப் ஊற்றிக் கிளறுங்கள். தோசை மாவு போல் நெடுநேரம் கலக்கினால் வாபிள் ரப்பராக இழுபடும். சிறு கட்டிகள் இருந்தால் பாதகமில்லை. வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்துக் கடைசியில் மெதுவாகச் சேருங்கள். மொறுமொறுப்புக்கு அதுவே காரணம்.

அச்சு நன்றாகச் சூடானதும் எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவு ஊற்றி மூடுங்கள். அடுப்பு அச்சானால் பாதியில் திருப்பிப் போடவேண்டும். ஆவி வருவது அடங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். அதற்குமுன் திறந்தால் பிய்ந்துவிடும்.

பழச்சாறு

குளிர்காலத்தில் மகாபலேசுவரம் ஸ்ட்ராபெர்ரி மும்பைக்கு வந்து குவியும். 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. கால் கிலோ பழத்தை நறுக்கி, 3 மேசைக்கரண்டி சர்க்கரையோடு சிறு தீயில் 8 நிமிடம் வேகவிடுங்கள். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கோடையில் மாம்பழம் போதும். அதற்குச் சர்க்கரை பாதி.

வாபிளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வியர்த்து நமத்துப்போகும். சுடச்சுடச் சாப்பிடவேண்டும். அச்சு ஒன்றே என்பதால் சுடுகிறவருக்குக் கடைசியில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை இல்லத்தரசிக்கும் விடுமுறைதானே? அச்சுக்குப் பக்கத்தில் அன்று வீட்டுக்காரர் நிற்கட்டும். முதல் வாபிள் அம்மாவின் தட்டுக்குப் போகட்டும்.