கர்ப்ப காலத்தில் சிபிலிஸ்: ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பிணிகளுக்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'விடிஆர்எல் – ரியாக்டிவ்' என்று இருக்கிறதா? பதற வேண்டாம். சிபிலிஸ் (உடலுறவால் பரவும் மேகநோய்) இருக்கலாம் என்று அதற்குப் பொருள். வேறு காரணங்களாலும் இப்படி வருவதுண்டு. அதனால் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

புண்ணோ வலியோ இல்லையே என்கிறீர்களா? பலருக்கும் அப்படித்தான். ஆனால் கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம்.

என்ன மருந்து? பென்சதின் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட். பெரும்பாலும் இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள், வலி இருக்கும். தொற்று புதிதென்றால் ஒரு தடவை போதும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். நடுவில் தவறினால் முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

மாத்திரை போதாதா? போதாது. டாக்சிசைக்ளின் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம். அசித்ரோமைசின் குழந்தையைப் போதிய அளவு சென்றடைவதில்லை. தாயையும் குழந்தையையும் சேர்த்துக் குணப்படுத்துவது பென்சிலின்தான்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் சேர்த்து, சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கிய பிறகு போடுவார்கள்.

ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். வயிறு இறுக்கிப் பிடித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணவருக்கும் சிகிச்சை தேவையா? கட்டாயம் தேவை. இல்லையென்றால் நோய் உங்களுக்கே திரும்பி வரும். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்த்து, பிறகு எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். யாரால் வந்தது என்ற சண்டையில் ஊசி போடும் நாள் தள்ளிப்போய்விடக் கூடாது.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் இருந்தால் 1097 என்ற இலவச உதவி எண்ணில் பேசலாம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திலும் (ஆலோசனை, பரிசோதனை மையம்) ரகசியம் காப்பார்கள்.

பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே ஊசி போட்டிருந்தால்தான் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு என்று கொள்வார்கள். எனவே முதல் மூன்று மாதத்திலேயே பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். முடிவை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.